மூணாம் நம்பர் லேப்ல ஆள் இல்லை

— அப்போ உங்க கம்ப்யூட்டர் கணக்குப்படி, புதன்கிழமை சுவராஜ்யம் மயங்கி விழுந்தப்ப, மூணாம் நம்பர் லேப்ல யாருமே இல்ல.

— ஈ காக்கா இல்ல மேடம்.

— பன்னெண்டு பேர் இருந்தோம் யாதகிரி.

— நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். இந்தப் பெட்டி நம்ப மாட்டேங்குது. இங்க பாருங்க. புதன், பன்னெண்டு பத்து. மூணாம் நம்பர், ஆள் இல்லை. செவ்வாய், ஆள் இல்லை. திங்கள், ஆள் இல்லை. மேல ஏறிக்கிட்டே போங்க, ஆள் இல்லை, ஆள் இல்லை, ஆள் இல்லை.

— எதுவரைக்கும்?

— போன வெள்ளி வரைக்கும். ஆயுத பூஜை அன்னிக்கு.

— ஆள் இல்லைன்னா இந்தக் கட்டடம் என்ன பண்ணும்? எனக்குத் தெரியும். உங்க வாயால சொல்லுங்க.

— ஒவ்வொரு லேப்லயும் சீலிங்ல ஒரு கண்ணு இருக்கு, சென்சார். உள்ள மனுஷன் நடமாடறானான்னு அது பாக்கும். நடமாடினா மணிக்குப் பன்னெண்டு தடவை ரூம் காத்து பூரா மாத்தும். இல்லைன்னா நாலு தடவை. புகை இழுக்கற ஹூட் இருக்கே, அதோட இழுப்பும் பாதியாயிடும். காலி ரூமுக்கு எதுக்கு காத்துன்னு. கரென்ட் மிச்சம். அதுக்குத்தானே மேடம் இத்தனை கோடி கொட்டி இதை மாட்டினாங்க? கேட்ல பலகை வேற, புத்திசாலிக் கட்டடம்னு.

— அப்போ மூணு நாளா நாங்க காலி ரூமோட காத்தைத்தான் சுவாசிச்சிருக்கோம். சால்வென்ட் வாசனையோட.

— அப்படித்தான் ஆகுது.

— சரி. அடுத்தது. வாசனை பாக்கறதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கே, அது ஏன் கத்தல?

— மூக்கைச் சொல்றீங்களா? ரூமுக்கு ஒரு மூக்கு வெக்கணும்னுதான் பிளான்ல இருந்துச்சு. கடைசில மொட்டை மாடிக் குழாய்ல ஒண்ணே ஒண்ணுதான் வெச்சாங்க. பதினாலு லேப் காத்தும் ஒண்ணாக் கலந்து அங்க போகுது. ஒருத்தன் வீட்ல கருகின ரொட்டி, ஊர் பூரா சமைக்கிற வாசனையில தெரியவா போகுது?

— ஆள் இல்லைன்னா லைட்டும் அணையணுமே.

— அணைஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. ஆடாம அசையாம மைக்ராஸ்கோப் பாத்தா இருட்டாகுதுன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து மனு எழுதினீங்களே, போன வருஷம்? அதான் லைட்டை மட்டும் சுவிட்சுக்கு மாத்திட்டோம். மாத்தாம இருந்திருந்தா திங்கக்கிழமை காலையிலேயே குட்டு உடைஞ்சிருக்கும்.

— மூணு நாளா இந்த ஸ்கிரீனைப் பாத்துட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? மூணாம் நம்பர் காலின்னு கண்ணுக்குப் படலையா?

— பட்டுச்சு மேடம். பொய் சொல்ல மாட்டேன். தசராவுக்கு ஊருக்குப் போனவங்க லீவை நீட்டிச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன். உங்க லேப்ல பாதிப் பேர் கோதாவரிப் பக்கம். நாலு நாள் லீவுன்னா எட்டு நாள் கழிச்சு வர்ற ஜனம். எழுந்து போய் ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாம். தட்டல.

— இங்கேயிருந்தே காத்தை ஏத்த முடியாதா உங்களால?

— எனக்குப் பாக்கறதுக்குத்தான் பாஸ்வேர்டு. மாத்தற பாஸ்வேர்டு பம்பாய்ல இருக்கறவங்க கிட்ட. மெயில் போட்டிருக்கேன். மூணு வேலை நாளுக்குள்ள பதில் வரும்னு உடனே ஒரு பதில் வந்துச்சு.

— சரி. அடுத்தது. அந்தக் கண்ணை நீங்க மேல ஏறிப் பாத்தீங்களா?

— இன்னும் இல்ல. அந்தம்மா விழுந்ததிலேர்ந்து லேப்பை சீல் வெச்சிருந்தாங்க. இன்னிக்குக் காலையிலதான் திறந்தாங்க. ஏணியை எடுத்துட்டுக் கிளம்பினேன், நீங்க வந்து உக்காந்துட்டீங்க.

— நல்லது. ஏற வேண்டியதில்ல. என்ன ஆச்சுன்னு இங்க உக்காந்தே கண்டுபிடிச்சிடலாம். பூஜை அன்னிக்கு சென்சாருக்கெல்லாம் பொட்டு வெச்சது யாரு?

— நான்தான். வருஷா வருஷம் நான்தான். ரசாயனம் படிச்சவங்க அவங்கவங்க மெஷினுக்கு வெச்சுக்குவீங்க. சீலிங்ல இருக்கற அதுங்களுக்கு யாரு வெப்பா? அதுங்கதான் என் ஆயுதம்.

— எப்படி வெச்சீங்க?

— ஏணி கிடைக்கல. கேட்ல மாவிலைத் தோரணம் கட்டறதுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மூங்கில் குச்சி நுனியில பஞ்சைக் கட்டி, குங்குமத்தை எண்ணெயில குழைச்சு, தரையில நின்னபடியே வெச்சேன். பதினோரு அடி உயரம். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடிச்சுக்கிச்சு… மேடம்.

— ம்.

— என்ன சொல்ல வர்றீங்கன்னு புரிஞ்சிடுச்சு.

— நான் எதையும் சொல்ல வரல. கேள்விதான் கேக்கறேன்.

— எல்லம்மா சத்தியமா, கண்ணு மேல வெக்கணும்னு வெக்கல. சுத்தி வெள்ளையா ஒரு மூடி இருக்கும், அதோட ஓரத்துலதான் வெப்பேன். பதிமூணு ரூம்லயும் அப்படித்தான் இருக்கு. பாருங்க, மத்த ரூம் எல்லாத்துலயும் ஆள் இருக்குன்னு சரியாத்தான் காட்டுது.

— பதிமூணுல தப்பாத கை பதினாலாவதுல தப்பாதா? கழுத்து வேற பிடிச்சிருந்துச்சுன்னு சொன்னீங்க.

— தப்பியிருக்கும் போல. சாமிக்கு வெச்ச பொட்டு இப்படி ஆயிடுச்சே.

— மூணு மணிக்கு கமிட்டி உக்காருது. அவங்க ரிப்போர்ட்ல என்ன எழுதி வெச்சிருக்காங்க தெரியுமா? மூணாம் நம்பர்ல ஹூட் கண்ணாடியை முழுசாத் தூக்கிவிட்டு வேலை செஞ்சாங்க, அதனாலதான் வாசனை வெளிய வந்துச்சு, லேப் பொறுப்பாளர் கண்டிக்கலன்னு. லேப் பொறுப்பாளர் யாரு?

— நீங்க.

— பதினேழு வருஷ சர்வீஸ் யாதகிரி. ஒரு வரியில போயிடும். அந்த வரி உண்மையும் இல்ல. கண்ணாடி இறங்கித்தான் இருந்துச்சு, நானே பாத்தேன்.

— அப்போ நான் போய்ச் சொல்லிடறேன். என் பொட்டால வந்துச்சுன்னு.

— வாயால சொன்னா காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க. நான் எழுதியே கொண்டு வந்திருக்கேன், படிச்சுப் பாருங்க. “பூஜையின்போது கவனக்குறைவால் சென்சார் கண்ணின் மேல் குங்குமம் பட்டுவிட்டது. இது என் தவறு.” அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல.

— ஏற்கெனவே எழுதிட்டீங்களா?

— எனக்கு எதையும் எழுதி வெச்சுதான் பழக்கம்.

— ஒரே ஒரு சந்தேகம் மேடம். கோவிச்சுக்காதீங்க. இங்க பாருங்க, வெள்ளிக்கிழமை உங்க ரூம் காலின்னு ஆனது மூணே முக்கா வாக்குல. நான் உங்க ரூமுக்குக் குச்சியோட வந்தது அஞ்சு மணிக்கு மேல. ஒண்ணாம் நம்பர்ல வெச்சேன், ரெண்டுல வெச்சேன், மூணுல நீங்க வேலையா இருக்கீங்கன்னு கடைசியா வர்றேன்னு போயிட்டேன். பொங்கல் தீர்ந்து போச்சுன்னு கேன்டீன்காரர் சொன்னதுக்கு அப்புறம்தான் வந்தேன்.

— பூஜை நாள்ல யாரு கடிகாரத்தைப் பாக்கறா?

— பொங்கல் தீர்ந்தது ஞாபகம் இருக்கு மேடம். எனக்குக் கிடைக்கலையே.

— எல்லாரும் பூஜைக்கு வெளிய போயிருப்பாங்க. அதனால காலின்னு காட்டியிருக்கும். அஞ்சு மணிக்கு நீங்க வந்து பொட்டு வெச்சீங்க, அப்புறம் அது முழிக்கவே இல்ல. இடிக்குதா?

— …இல்ல. இடிக்கல. நான் ஒருத்தன் உள்ள நுழைஞ்சப்ப ஒரு நிமிஷமாவது முழிச்சிருக்கணுமேன்னு பாத்தேன்.

— சீலிங்ல இருக்கற சாமானுக்காக நாம தலையை உடைச்சுக்க வேணாம். கையெழுத்து போடறீங்களா?

— போட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க நிரந்தரம். நான் காண்ட்ராக்ட், மாசா மாசம் புதுசாப் பொறக்கறவன். பொறக்க வேணாம்னு ஒரு போன் போட்டா முடிஞ்சது.

— நான் பேசறேன். வேற எங்கேயாவது, பக்கத்துக் கம்பெனியில ஏதாவது பாத்துத் தர்றேன். என் பேச்சுக்கு மரியாதை இருக்கு. இருக்கணும்னா நான் இங்க இருக்கணும். புரியுதா?

— புரியுது. அந்தம்மாவுக்குத் தலையில நாலு தையலாமே? என் கையால ஒரு பொம்பளை ரத்தம் சிந்தியிருக்கு. அதுக்கு முன்னால என் வேலை என்ன பெரிய வேலை. பேனா குடுங்க.

— இங்க. இங்கயும். தேதி.

— அக்கா! இங்கயா இருக்கீங்க? உங்களைத் தேடித் தேடி தையல் பிரிஞ்சிடும் போல இருக்கு.

— சுவராஜ்யம்! உன்னை யாரு வரச் சொன்னது? ஒரு வாரம் ரெஸ்டுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.

— மூணு மணிக்கு உங்களைக் கூண்டுல ஏத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். கண்ணாடி தூக்கி இருந்துச்சுன்னு எந்தக் கொம்பன் சொல்றான்னு பாக்க வேணாமா? விழுந்தவ நான். எனக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரியும்? ஏன் யாதகிரி அண்ணா, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? டீ கூட இல்லையா இந்த ரூம்ல?

— என்னை மன்னிச்சிடுங்கம்மா. நீங்க விழுந்ததுக்கு நான்தான் காரணம்.

— நீங்களா? நீங்க எங்க இருந்தீங்க, நான் எங்க விழுந்தேன்?

— கண்ணுல குங்குமம் வெச்சிட்டேன். உங்க லேப் கண்ணுல. அது குருடாயிடுச்சு, காத்து நின்னு போச்சு.

— அடக் கடவுளே. பொட்டா என்னைத் தள்ளிவிட்டது? ஆஸ்பத்திரியில டாக்டர் காலையில டிபன் சாப்டீங்களான்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். நாலு பெசரட்டு சாப்ட்டேன்னு சொன்னா நம்பவே இல்ல. விடுங்க அண்ணா, பக்தியில செஞ்சது. அக்கா, இவரைத் திட்டினீங்களா?

— திட்டல. எழுதி வாங்கிட்டேன்.

— அதுக்குள்ளயா? என்னமோ போங்க. சரி, அது இருக்கட்டும். நம்ம லேப்ல அனசூயா காலையிலேர்ந்து தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கா. நான் எட்டிப் பாத்தேன், கதவைத் திறந்ததுமே ஒரு தித்திப்பு வாசனை, புதன்கிழமை மாதிரியே.

— மேடம், உள்ள வேலை நடக்குதா?

— மூணு நாள் வேலை தேங்கிக் கிடக்கு. திறந்துட்டாங்கன்னதும் உக்காந்துட்டாங்க.

— எத்தனை பேர்?

— பத்து பேர்.

— என் ஸ்கிரீன் ஆள் இல்லைன்னு சொல்லுது மேடம். நான் என்ன முட்டாள், இங்க உக்காந்து கதை பேசிட்டிருக்கேன்! எழுந்திருங்க. ஏணி எங்க… ஒரு துணி, கொஞ்சம் ஸ்பிரிட்டு, ரெண்டு நிமிஷம். துடைச்சா கண்ணு திறந்துடும்.

— கமிட்டி முடியட்டும் யாதகிரி. அவங்க பாக்காம எதையும் தொடக் கூடாது.

— அவங்க பாக்கற வரைக்கும் பத்து பேர் மூச்சு விடாம இருப்பாங்களா?

— ஜன்னல் கதவெல்லாம்…

— ஜன்னலே கிடையாதே அக்கா நம்ம லேப்ல. மூணு மணிக்குள்ள நான் இன்னொரு தடவை விழணுமா? இந்தப் பக்கம் இன்னும் தையல் போடாமத்தான் இருக்கு.

— எல்லாரையும் வெளிய வரச் சொல்லிடறேன். கதவைப் பூட்டிடலாம். நானே ஆள் வெச்சு அதைத் துடைக்கச் சொல்றேன். யாதகிரி, நீங்க இங்க இருங்க.

— ஆள் எதுக்கு மேடம்? நான் வெச்சது, நானே எடுக்கறேன். இன்னும் எத்தனை நாள் இந்தக் கட்டடத்துல இருக்கப் போறேன்? கடைசியா ஒரு வேலையாவது ஒழுங்காச் செஞ்சுட்டுப் போறேன். நகருங்க, ஏணி லிப்டுல நுழையாது, படி வழியாத்தான் போகணும். அம்மா, நீங்க தூக்க வேணாம்.

— தலையிலதான் கட்டு, கையில இல்ல. இந்தக் கோடியை நான் பிடிச்சுக்கறேன். நடங்க.

— சுவராஜ்யம், நில்லு.

— நின்னா ஏணியும் நிக்கும் அக்கா, படியில. பின்னாலயே வாங்க.

— கதவைத் தள்ளுங்கம்மா. அப்பா… நெசமாவே தித்திக்குது. எல்லாரும் வெளிய போங்கம்மா. ஒரு பத்து நிமிஷம். டீ குடிச்சிட்டு வாங்க. அனசூயா அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.

— இங்க வெக்கலாமா அண்ணா ஏணியை?

— தராசு மேஜைக்குப் பக்கத்துல. ஆமா, அதுக்கு நேர் மேலதான் இருக்கு.

— யாதகிரி, நீங்க பதட்டத்துல இருக்கீங்க. கீழ விழுந்து வெப்பீங்க. நான் ஏறித் துடைக்கறேன்.

— புடவையோடயா மேடம்? பதினோரு அடி.

— மேஜை மேல ஸ்டூல் போட்டா எட்டிடும்.

— எட்டுமா? எனக்கே தெரியாதே.

— அக்காவுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டா இந்த லேப்ல? ஏறுங்க அண்ணா, நான் பிடிச்சிருக்கேன்.

— ஆட்டாதீங்க… ஆச்சு. அட ஆமா. நடுக் கண்ணுலதான் வெச்சிருக்கேன், பாவி. எண்ணெய் நல்லாப் பிடிச்சிருக்கு. குங்குமம் இன்னும் ஈரமா இருக்கற மாதிரி.

— போட்டோ எடுக்கணுமா அக்கா, கமிட்டிக்கு?

— வேணாம். துடைச்சிட்டு இறங்குங்க.

— துடைக்கறேன் மேடம்… வருது, வருது. இருங்க. இதென்ன?

— என்ன அண்ணா?

— குங்குமம் போயிடுச்சு. கண்ணைக் காணோம்.

— காணோமா?

— பொட்டுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு. டேப்பு. வெள்ளை டேப்பு. கண்ணு மேல நாலு மூலையும் அழுத்தி ஒட்டியிருக்கு. மூடியும் வெள்ளை, இதுவும் வெள்ளை, தரையிலேர்ந்து தெரியல எனக்கு. நான் டேப்பு மேலதான் பொட்டு வெச்சிருக்கேன்மா! கண்ணு அதுக்கு முன்னாலயே மூடித்தான் இருந்திருக்கு. நான் அஞ்சு மணிக்குத்தான் வந்தேன்னு சொன்னேனே மேடம்!

— பழைய டேப்பா இருக்கும். மாட்டினவங்க எடுக்காம விட்டிருப்பாங்க. இறங்குங்க.

— மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. இது புதுசு. அழுக்கே இல்ல.

— இறங்குங்கன்னு சொல்றேன்.

— பிய்ச்சுட்டு இறங்கறேன். ஆங், வந்துடுச்சு. மேல சிவப்பு லைட்டு ஒண்ணு கண்ணடிக்குது பாருங்க! கேக்குதா? காத்து கேக்குதா உங்களுக்கு?

— கேக்குது அண்ணா. என் தலைமுடி பறக்குது. அக்கா, தராசைப் பாருங்களேன், காத்து பட்டதும் எடை நம்பர் ஆட ஆரம்பிச்சிடுச்சு.

— ஆடட்டும். இந்த டேப்புல ஏதோ எழுதியிருக்கும்மா. சின்னச் சின்ன எழுத்து. மூக்குக் கண்ணாடி இல்லாம என்னால படிக்க முடியல. இந்தாங்க, ஓரமாப் பிடிங்க, எண்ணெய்.

— அதை என்கிட்ட குடு சுவராஜ்யம்.

— இருங்கக்கா, படிச்சிட்டுத் தர்றேன். “எடை போட்டு முடிந்ததும் எடுக்கவும்.” வெள்ளிக்கிழமை தேதி. நேரம் மூணு நாப்பது. கீழ கையெழுத்து… அக்கா, இது நீங்க ஒட்டினது.